காரலின் வெளிச்சமும் பவளத்தின் பாசியும்

வேதாரண்யத்தில் அத்தை வீட்டில் தங்கியிருந்த ஒரு மழைக்கால மாலையில் மின்சாரம் நின்றுபோனது. அத்தை அரிவாள்மணையின் முன் உட்கார்ந்து காரல் ஆய்ந்துகொண்டிருந்தார். விளக்கேற்ற எழுந்த என்னைக் கையமர்த்தி, அறுத்த மீனொன்றின் தொண்டைப் பக்கத்தைக் காட்டினார். உணவுக்குழலைச் சுற்றிக் கடுகளவு இடத்தில் நீலம் பாய்ந்த வெளிச்சம் அசையாமல் நின்றது. "பயந்துடாதே, கெட்ட மீன் இல்லை. காரல்னா இப்படித்தான் மினுங்கும்" என்றார்.

அந்த வெளிச்சம் மீனுடையது அன்று. அங்கே குடியிருக்கும் ஃபோட்டோபாக்டீரியம் என்னும் நுண்ணுயிருடையது. அது உமிழும் ஒளி மீனின் காற்றுப்பையில் பட்டு வயிற்றுப்புறமாகப் பரவுவதால், கீழிருந்து பார்க்கும் பகைமீனுக்குக் காரலின் நிழலுருவம் தெரிவதில்லை. என்னை அதைவிட அதிகம் வியக்கவைத்தது வேறொன்று. காரல் முட்டையிலிருந்து குஞ்சாகப் பொரிந்து வரும்போது அதனிடம் இந்த நுண்ணுயிர் இருப்பதில்லை. வளரும்போது கடல்நீரிலிருந்துதான் அதைப் பெற்றுக்கொள்கிறது.

இதை அறிந்த பிறகுதான், இதேபோல் வேறோர் உயிரைத் தன்னுள் குடிவைத்திருக்கும் பவளத்தைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலுமான எங்கள் கரையில் பவளம் வளராது. அதற்குக் கெட்டியான அடித்தரையும் வெயில் இறங்கும் தெளிந்த நீரும் வேண்டும். தெற்கே இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் 21 தீவுகளைச் சுற்றி அது இருக்கிறது. பவளம் என்று நாம் சொல்வது, சுண்ணாம்பால் வீடு கட்டிக்கொண்டு கூட்டமாக வாழும் சிறு விலங்கு. அதன் திசுவுக்குள், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ பத்து லட்சம் என்னும் கணக்கில், சூசாந்தெல்லே என்ற ஒற்றைச்செல் பாசி வாழ்கிறது. பாசி வெயிலில் சமைக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி பவளத்துக்குப் போகிறது. பவளம் கழிக்கும் கரியமில வாயுவும் அமோனியாவும் பாசிக்கு உரமாகின்றன. சத்து மிகக் குறைந்த வெப்பக்கடலில் இத்தனை உயிர்கள் பிழைக்க இந்தக் கொடுக்கல் வாங்கலே முதற்காரணம். பவளத்தின் மேலே படியும் கோழையிலும் பாக்டீரியாக்கள் உண்டு. அவற்றுள் சில, நோய்க்கிருமிகளைத் தடுக்கும் பொருள்களைச் சுரக்கின்றன.

எங்கள் வயல்களில் விடும் அசோலா என்னும் நீர்ப்பெரணியிலும் இப்படியொரு கூட்டு இருக்கிறது. அதன் இலைக் குழிக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றின் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்குகிறது. ஆனால் அசோலா, விதைபோல் பரவும் தன் வித்திகளோடேயே அந்தப் பாசியை வைத்து அனுப்பிவிடுகிறது, தாய்வீட்டுச் சீதனம்போல. பவளங்களில் சில இனங்கள் மட்டுமே அப்படிச் செய்கின்றன. பெரும்பாலானவை முட்டைகளை வெறுமையாகவே கடலில் விடுகின்றன. மிதந்து திரியும் குஞ்சுதான் தன் துணையைத் தேடிக்கொள்ள வேண்டும். ஆகவே பவளத்தைக் காப்பது என்பது அந்தத் துணை கலந்திருக்கும் நீரையும் காப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஓரிரு பாகை கூடுதலாகச் சில வாரங்கள் நீர் கொதித்தாலே, பாசியின் ஒளிச்சேர்க்கை குலைந்து நச்சு ஆக்சிஜன் பெருகுகிறது. பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. திசுவின் வழியே சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிவதைத்தான் வெளிறுதல் என்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இது நேர்ந்தது. வெளிறிய பவளம் உடனே இறப்பதில்லை, பட்டினி கிடக்கிறது. நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி மீண்டும் குடியேறும். சில பவளங்கள் வெப்பம் தாங்கும் வேறொரு பாசிவகையை அதிகம் வைத்துக்கொண்டு தப்புகின்றன. ஆனால் அந்த வகை பெரும்பாலும் குறைவாகவே ஊட்டுகிறது, பவளத்தின் வளர்ச்சி மந்தப்படுகிறது.

குஞ்சுக்குப் பாசி எங்கிருந்து கிடைக்கிறது என்ற கேள்விக்கான விடைகளில் ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. லட்சத்தீவுப் பவளத்திட்டுகளில் வாழும் பெருஞ்சிப்பியும் தன் சதை மடிப்பில் இதே பாசிக் குடும்பத்தை வளர்க்கிறது. அதன் கழிவோடு உயிருள்ள பாசிகள் வெளியேறுகின்றன. ஆய்வகத்தில் அந்தக் கழிவை அருகில் வைத்தபோது, பவளக் குஞ்சுகள் அதிலிருந்த பாசியைத் தம் உடலுக்குள் ஏற்றுக்கொண்டன.