மோவாய் முடிக்கு லேசர்: ஐப்பசியில் தொடங்குங்கள்

லேசர் குறிவைப்பது முடிக்குள் இருக்கும் கருநிறத்தை. மெலனின் என்ற அந்த நிறமி ஒளியை வாங்கிச் சூடேற, அந்தச் சூட்டில் வேர் கருகுகிறது. அதனால் நரைமுடிக்குப் பலிக்காது, பூனைமுடிக்கும் பெரிதாகப் பலன் இல்லை. நம் தோலிலும் மெலனின் அதிகம் என்பதால் எந்த லேசர் என்று முதலிலேயே கேளுங்கள். மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது. 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசர் வெளுத்த தோலுக்கானது. தஞ்சாவூரோ கும்பகோணமோ, தோல் மருத்துவர் பார்த்து, சிறு இடத்தில் சோதித்துவிட்டுத் தொடங்கும் கிளினிக்காகப் போங்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின், டாக்சிசைக்ளின் மாத்திரை எடுத்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

பணம் வீணாவது பெரும்பாலும் த்ரெடிங்கால்தான். வேரோடு பிடுங்கிவிட்டால் ஒளியைப் பிடிக்க உள்ளே ஒன்றும் இருக்காது. 4 வாரம் முன்பே த்ரெடிங், வேக்சிங் நிறுத்தி, முந்தின நாள் ரேசரால் மழியுங்கள். மழித்தால் தடித்து வளரும் என்பார்கள் வீட்டில். வெட்டுப்பட்ட நுனி சொரசொரக்கிறது, அவ்வளவுதான். மழிக்காமல் போனால் வெளியே நிற்கும் முடி தீய்ந்து தோலைச் சுடும். மஞ்சள் பூசிக் குளிக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். பவுடர், க்ரீம் எதுவும் முகத்தில் இருக்கக் கூடாது.

கண்ணுக்குக் கவசம், தோலில் குளிர்ந்த ஜெல். மோவாய்க்குச் சில நிமிடம் போதும். தாளிக்கும்போது எண்ணெய் தெறித்தாற்போல் சுள் சுள்ளென்று இருக்கும், முடி பொசுங்கும் வாடை வரும். பிறகு முடிக்கால்கள் சிவந்து தடிக்கும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ அடங்கும். கொப்புளம் கிளம்பினால் கைவைத்தியம் வேண்டாம், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

1 முதல் 3 வாரத்துக்குள் முடி மறுபடி முளைப்பதுபோல் தெரியும். கருகிய முடி உதிர்வதற்காக வெளியே வருகிறது. பிடுங்காதீர்கள்.

வளர்கிற நிலையில் உள்ள முடியில் மட்டுமே லேசர் சரியாகப் பிடிக்கும். அதனால் முகத்துக்கு 4 முதல் 6 வார இடைவெளியில் 6 முதல் 8 சிட்டிங் ஆகும். வெயிலில் கறுத்த தோலில் அடித்தால் புண்ணும் கரும்புள்ளியும் வரும். ஐப்பசி மழையில் தொடங்கினால் கத்திரி வெயிலுக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். தை அறுவடைக்கு வயலில் நிற்பவர்கள் கறுப்பு இறங்கும்வரை சிட்டிங்கைத் தள்ளிப்போடுங்கள். மற்றவர்களுக்கும் தினமும் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் கட்டாயம்.

சினைப்பையில் நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) உள்ளவர்களுக்கு ஹார்மோன் புது முடியைத் தூண்டிக்கொண்டே இருக்கும். அதற்கான மருத்துவமும் கூடவே நடக்க வேண்டும். முடிந்த பிறகும் அவ்வப்போது ஒரு சிட்டிங் தேவைப்படும். அரிதாகச் சிலருக்குத் தாடையோரம், கழுத்தில் பூனைமுடி தடித்துக் கறுக்கும். அப்படிக் கண்டால் அடுத்த சிட்டிங்குக்கு முன்பே காட்டுங்கள்.