ஓசூர் ஹீட் ட்ரீட்மெண்ட் ஷாப்பில் மூன்று-வாயு அனலைசரின் ஃபில்டர் மாற்றியது

ஓசூர் சிப்காட் பக்கம் கியர், ஷாஃப்ட் கார்புரைசிங் (எஃகின் மேற்பரப்பில் கார்பன் ஏற்றுவது) செய்யும் ஷாப்களில் ஃபர்னஸ் வாயுவைப் பார்க்க இன்ஃப்ராரெட் அனலைசர் வைத்திருப்பார்கள். சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு), சி.ஓ.2 (கார்பன் டை ஆக்சைடு), மீத்தேன் மூன்றையும் ஒரே பெட்டி அளக்கும். ஒவ்வொரு வாயுவும் விழுங்கும் அலைநீளத்தை மட்டும் உள்ளே விடும் சிறு தட்டுதான் ஃபில்டர்; வாயுவுக்கு ஒரு ஃபில்டர், ஒரு சேனல். எல்பிஜியைக் காற்றோடு சேர்த்துத் தயாரிக்கும் எண்டோகேஸ்தான் ஃபர்னஸ் வாயு என்றால் சி.ஓ. 23 சதவீதத்தை ஒட்டி நிற்கும். நைட்ரஜன்-மெத்தனால் என்றால் 20. சி.ஓ.2 மட்டும் 0.2, 0.3 என்று சொற்பமாக இருக்கும். கார்பன் பொட்டென்ஷியல் (ஃபர்னஸ் வாயு எஃகில் ஏற்றக்கூடிய கார்பன் அளவு) கணக்கில் சி.ஓ.வின் வர்க்கத்தைச் சி.ஓ.2 வகுப்பதால், அந்தச் சொற்ப எண் 0.3க்குப் பதில் 0.4 காட்டினாலே கார்பன் குறைவு என்று கன்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். உடனே கார்பனைக் கூட்டும் என்ரிச்சிங் கேஸைத் திறந்துவிடும், ஃபர்னஸில் கரி படியும். ஃபில்டர் வேலையில் இத்தனை கவனம் எதற்கு என்றால் இதற்குத்தான்.

முதலில், ஃபில்டர்தான் கெட்டது என்று உறுதி செய்யாமல் ஆர்டர் போடக் கூடாது. ஃபில்டர் அவ்வளவு சுலபத்தில் போகிற பாகம் இல்லை. ஃபர்னஸ் லைனைக் கழற்றிவிட்டு சுத்தமான நைட்ரஜனை நிமிடத்துக்கு ஒரு லிட்டர் விட்டு, சர்வீஸ் மெனுவில் ஒவ்வொரு சேனலின் மூல சிக்னலையும் எழுதிக்கொண்டோம். அதை அனலைசரோடு வந்த கமிஷனிங் ஷீட்டோடு ஒப்பிட வேண்டும். ரெஃபரன்ஸ் (எந்த வாயுவும் விழுங்காத, ஒப்பிட வைத்த சேனல்) உட்பட எல்லாச் சேனலும் ஒரே விகிதத்தில் இறங்கியிருந்தால் ஒளி தரும் சோர்ஸ் களைத்திருக்கிறது, இல்லையென்றால் வாயு ஓடும் செல்லிலும் அதன் ஜன்னலிலும் கரி படிந்திருக்கிறது. ஃபில்டர் சக்கரம் சுழன்று ஒரே டிடெக்டரில் ஒளி விழும் மாடலில் ஒரு சேனல் மட்டும் இறங்கியிருந்தால் சந்தேகம் ஃபில்டர் மேல்தான், டிடெக்டர் எல்லாருக்கும் பொதுவானது. சேனலுக்கு ஒரு டிடெக்டர் வைத்த மாடலில் டிடெக்டரும் அதன் சிக்னலைப் பெருக்கும் ப்ரீ-ஆம்ப்பும் சந்தேகப் பட்டியலில் சேரும்.

மீத்தேன் சேனல் மட்டும் இறங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். சூடான பாகங்களை முக்கிக் குளிர்விக்கும் க்வென்ச் ஆயிலின் ஆவி ஷாப் முழுக்க மிதக்கிறது. எண்ணெயில் உள்ள கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு 3.4 மைக்ரானை ஒட்டி ஒளியை விழுங்கும். மீத்தேன் ஃபில்டர் 3.3 மைக்ரானில் இருக்கிறது. ஆகவே மெல்லிய எண்ணெய்ப் படலம் படிந்தாலே முதலில் அடிவாங்குவது அந்தச் சேனல்தான். லென்ஸ் டிஷ்யூவில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு, ஒரே திசையில், ஒரு டிஷ்யூவுக்கு ஒரே இழுப்பு என்று துடைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கம்ப்ரஸர் காற்றை ஊதவே கூடாது, அதிலும் எண்ணெய் வரும். ரப்பர் பல்பு போதும்.

எங்களிடம் இருந்ததில் துடைத்த பிறகும் சி.ஓ.2 சேனல் ஏறவில்லை. கழற்றி டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கோட்டிங் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கியிருந்தது. ஈரம் விளிம்பு வழியாக ஏறினால் இப்படித்தான் ஆகும். ஆப்டிகல் பெட்டிக்குள் இருக்கும் சிலிகா ஜெல் பொட்டலம் நிறம் மாறிப்போய்க் கிடந்தது, அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

ஆர்டர் போடும்போது "சி.ஓ.2 ஃபில்டர்" என்று மட்டும் எழுதினால் பொருந்தாத ஒன்று வந்து சேரும். மைய அலைநீளம் 4.26 மைக்ரான், அரைப் பட்டை அகலம் (ஃபில்டர் உள்ளே விடும் அலைநீளப் பட்டையின் அகலம்) எத்தனை நானோமீட்டர், விட்டம், தடிமன், அடித்தளம் சிலிக்கானா ஜெர்மேனியமா சஃபையரா, எந்த வெப்பநிலையில் வேலை செய்யும் என்று எல்லாம் வேண்டும். ஆப்டிகல் பிளாக் 50 டிகிரியில் நிற்கும், சூடேறினால் ஃபில்டரின் மையம் நீண்ட அலைநீளத்துக்கு நகரும். சாய்ந்து உட்கார்ந்தால் குறுகிய பக்கம் நகரும். சி.ஓ.வுக்கு 4.64, ரெஃபரன்ஸுக்கு 3.9 என்பது வழக்கம். இன்னொன்று: சிறிய உலோக மூடி போட்ட டிடெக்டரில் ஜன்னலாகவே ஃபில்டரை ஒட்டியிருந்தால் அதைத் தனியாக மாற்ற முடியாது, டிடெக்டரையே மாற்ற வேண்டும்.

வேலைக்கு முன் ஷிஃப்ட் இன்ஜினியரிடம் சொல்லி கார்பன் கன்ட்ரோலை அனலைசரிலிருந்து ஃபர்னஸில் இருக்கும் ஆக்ஸிஜன் ப்ரோபுக்கு மாற்றிவிட்டோம். செல்லில் இருப்பது நச்சு வாயுவான சி.ஓ., 20 சதவீதம், அதாவது 2 லட்சம் பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 லட்சம் பங்கு). நைட்ரஜனால் பத்து நிமிடம் கழுவி, அந்த வாயு கட்டடத்துக்கு வெளியே போகிறதா என்று பார்த்த பிறகுதான் பைப்பில் ஸ்பேனர் வைக்க வேண்டும். பவரை அணைத்து அரை மணி நேரம் ஆற விடணும். திறக்கும் வேலையை ஷாப் ஃப்ளோரில் செய்யாதீர்கள். ஆபீஸ் ரூம் மேஜை, ஃபேன் ஆஃப், பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை, பிளாஸ்டிக் முனை ட்வீஸர்.

ஃபில்டரின் ஒரு முகம் கண்ணாடி மாதிரி பளபளக்கும், இன்னொரு முகம் சற்று நிறம் ஓடியிருக்கும். பழையது எந்த முகம் சோர்ஸைப் பார்த்திருந்தது என்று கழற்றும் முன்பே மொபைலில் படம் எடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் பளபளப்பு சோர்ஸ் பக்கம் இருக்கும். வேண்டாத ஒளி திரும்பிப் போய்விடும், ஃபில்டர் சூடேறாது. ஸ்பிரிங் வாஷரை வைத்து ரிங்கை விரலால் இறுக்கி, மேலே கால் சுற்று மட்டும். சிலிக்கான் தட்டு மெல்லியது, அதற்கு மேல் இறுக்கினால் விரிசல் விழும், விழுந்தது கண்ணுக்கும் தெரியாது. ஒட்ட வேண்டிய மாடலில் வினிகர் வாசனை அடிக்கும் சிலிகான் பசை வேண்டாம், அந்த அமில ஆவி கோட்டிங்கைத் தின்னும். நியூட்ரல் வகையை விளிம்பில் மூன்று புள்ளி வைத்து ஒரு நாள் காய விட்டோம்.

மூடும் முன் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல், சி.ஓ.2வை உறிஞ்சும் சோடா லைம் இரண்டையும் புதிதாகப் போட்டு பெட்டியை நைட்ரஜனால் நிரப்ப வேண்டும். நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 4 சதவீதம் சி.ஓ.2 இருக்கிறது. 0 முதல் 1 சதவீத ரேஞ்ச் அனலைசருக்குள் அது மாட்டிக்கொண்டால் ஜீரோ மணிக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும், ஃபில்டர் சரியில்லை என்று தோன்றும்.

குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க சூடாக விட்டு, நைட்ரஜனில் ஜீரோ, ரேஞ்சின் 80 சதவீதத்தில் ஸ்பேன் (அளவு தெரிந்த வாயுவை விட்டு மேல் அளவைச் சரிசெய்வது) வைத்தோம். பலர் இங்கேயே மூடிவிடுகிறார்கள். போதாது. சிக்னலைச் சதவீதமாக மாற்ற அனலைசருக்குள் இருக்கும் லீனியர் அட்டவணை பழைய ஃபில்டருக்கு எழுதியது. புதியது மையத்தில் சற்றே விலகியிருந்தாலும் ஸ்பேனில் சரியாகக் காட்டும், நடுவில் பிசகும். அரை ரேஞ்ச் வாயு விட்டுப் பார்த்து முழு அளவில் 2 சதவீதத்துக்கு மேல் பிசகினால் பல புள்ளி காலிபிரேஷன் செய்ய வேண்டும்.

அடுத்து குறுக்குச் சோதனை. நைட்ரஜனில் 20 சதவீத சி.ஓ. கலந்த சிலிண்டரை விட்டு சி.ஓ.2 சேனல் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டின் பட்டையும் பக்கத்துப் பக்கத்தில், ஃபில்டரின் ஓரம் கசிந்தால் சி.ஓ.வையே சி.ஓ.2 என்று எண்ணிவிடும். 0.01 சதவீதத்துக்கு மேல் ஏறினால் நாங்கள் ஏற்பதில்லை. ஆனால் சிலிண்டரிலேயே துளி சி.ஓ.2 இருக்கலாம். நடுவில் ஒரு சோடா லைம் குழாயும் அதற்குப் பின் சிலிகா ஜெல்லும் போட்டுவிட்டால் அந்தச் சந்தேகம் தீரும், சோடா லைம் சி.ஓ.வைத் தொடாது.

ஓசூருக்கே உரிய ஒரு சங்கதி: ஊர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் 910 மில்லிபார் அளவு. பிரஷர் காம்பன்சேஷன் (காற்றழுத்தத்துக்கு ஏற்பத் தானே திருத்திக்கொள்வது) இல்லாத அனலைசரைச் சென்னையில் காலிபிரேட் செய்து கொண்டுவந்தால் இங்கே சுமார் 10 சதவீதம் குறைத்துக் காட்டும். தாழ்வான கிருஷ்ணகிரியிலிருந்து கடன் வாங்கி வந்தாலே 4-5 சதவீதம் இறங்கும். புது ஃபில்டரைத் திட்டாமல் இங்கேயே ஸ்பேன் வைக்க வேண்டியதுதான்.

ஃபர்னஸில் மாட்டிய பிறகு ஷிம் டெஸ்ட். 0.1 மில்லிமீட்டர் ஸ்டீல் ஷிம்மை (மெல்லிய தகடு) அசிட்டோனில் கழுவி எடை போட்டு, ஃபர்னஸில் அரை மணிக்கு மேல் வைத்து, குளிர்ந்த பின் மறுபடி எடை. கூடிய எடையைக் கடைசி எடையால் வகுத்து நூறால் பெருக்கி, ஷிம்மின் பழைய கார்பனைக் கூட்டினால் உண்மையான கார்பன் சதவீதம். எங்கள் ஷாப்பில் அனலைசர் கணக்கோடு 0.05 சதவீத கார்பனுக்குள் ஒத்துப்போனால் கன்ட்ரோலைத் திரும்ப அனலைசருக்குக் கொடுக்கிறோம். புது மூல சிக்னல் எண்களைத் தேதியோடு எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டோம், அடுத்து திறப்பவர் கமிஷனிங் ஷீட்டைத் தேட வேண்டியதில்லை.