‘தமிழிலும் நடக்கும்’ என்று சொல்லப்பட்ட பயிற்சி

திருகோணமலையில் ஒரு பாடசாலையில் வழிகாட்டல், ஆலோசனை ஆசிரியையாக இருக்கிறேன். அம்மா வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவோடு. சிறுவர் இல்லத்திலிருந்து வளர்ப்புக் குடும்பத்துக்கு வந்தவர்கள். நீதிமன்றக் கட்டளையோடு தத்தெடுக்கப்பட்டவர்கள். பெரியம்மா வீட்டில் எந்தக் கடிதமும் இல்லாமல் வளர்பவர்கள். எல்லா வகைப் பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள். இப்படியான பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கென்று கொழும்பில் ஒரு பயிற்சி நடக்கிறது, தமிழிலும் நடக்கும் என்று வாட்ஸ்அப்பில் அறிவித்தல் வந்தது. போனேன், முடித்தேன். அடுத்த தடவை போகப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் இழுபறி சிபாரிசுக் கடிதம். விண்ணப்பத்தில் ‘திணைக்களத் தலைவரின் சிபாரிசு’ என்று ஒரு பெட்டி. என் மேல் அலுவலகத்துக்குப் போனால், “தங்கச்சி, இது நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புப் பகுதிக்குரிய விஷயம், நாங்கள் எப்படிக் கையெழுத்து வைக்கிறது?” என்றார் அங்கிருந்தவர். அந்தப் பகுதிக்குப் போனால், “நீங்கள் கல்வி ஆள்தானே, எங்கட ஆளில்லையே.” இரண்டுமே நியாயமான பதில்தான். ஆனால் பிள்ளை மட்டும் இரண்டு பக்கத்துக்கும் சொந்தம். காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் வரை உவர்மலை வெயிலில் அங்கும் இங்கும் நடந்ததுதான் மிச்சம்.

கடைசியில் வழி சொன்னவர் ஓய்வுக்குக் கிட்டிய ஒரு முகாமைத்துவ உதவியாளர். “மிஸ், சிபாரிசு கேட்டு நிற்காதீங்கோ. கடிதத்தை நீங்களே தட்டச்சு செய்து, அறிவித்தலின் பிரதியையும் இணைத்து, கடமை விடுப்பையும் அதே கடிதத்தில் கேளுங்கோ. விடுப்பைத் தந்தால் சிபாரிசு தந்தது போலத்தான்.” அப்படியே செய்தேன், கையெழுத்து வந்தது. கடமை விடுப்புக்கான பதிலை எழுத்தில் வாங்காமல் பஸ் ஏறவே ஏறாதீர்கள். என்னோடு வந்த ஒருவர் வாய்ச்சொல்லை நம்பிப் போய், அத்தனை நாளும் சொந்த லீவில் கழிந்தது.

பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சரி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

மண்டபத்துக்குள் போன பிறகுதான் ‘தமிழிலும்’ என்றால் என்னவென்று விளங்கியது. விரிவுரை முழுக்கச் சிங்களம். பின்வரிசையில் தமிழ் ஆட்களை ஒன்றாக இருத்தி, இரண்டு மொழியும் தெரிந்த ஒரு தம்பியைப் பக்கத்தில் விட்டார்கள். அவரும் பயிற்சிக்கு வந்தவர்தான், மொழிபெயர்ப்பாளர் அல்ல. அவர் பாவம், ஒரு வசனத்தை எங்களுக்குச் சொல்லி முடிக்க முன் மூன்று வசனம் போய்விடும். கையேடு ஆங்கிலத்தில். அதுவும் இங்கிலாந்தில் அச்சடித்தது. அங்கே அரச நிதியில் நடக்கும் பாடசாலை ஒவ்வொன்றிலும் அரச பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக ஓர் ஆசிரியர் சட்டப்படி இருக்க வேண்டும். 2018 செப்டெம்பரிலிருந்து, பராமரிப்பிலிருந்து தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளும் அவர் பொறுப்பில் சேர்ந்தார்கள். நல்ல ஏற்பாடு, பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் ‘அந்த ஆசிரியரோடு கலந்துபேசுங்கள்’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருப்பதை வைத்துக்கொண்டு மூதூரில் ஒருவர் என்ன செய்வது?

ஆகவே விண்ணப்பிக்கும் முன் இதைக் கேளுங்கள்: விரிவுரை எந்த மொழி, கையேடு எந்த மொழி, மொழிபெயர்ப்பவர் யார். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். பின்னால் எனக்குக் கைகொடுத்தது அந்த அறிவித்தல்தான்.

இரண்டாம் நாள் பிற்பகலுக்காக மட்டும் நான் இவ்வளவையும் மன்னிக்கத் தயார். உளவளத்துணையில் நீண்ட அனுபவமுள்ள ஓர் அம்மா வந்தார், மெதுவாகப் பேசினார், தம்பிக்கும் மொழிபெயர்க்க நேரம் கிடைத்தது. பாணைப் பைக்குள் ஒளித்து வைக்கும் பிள்ளை, விழுந்து முழங்கால் கிழிந்தாலும் அழாத பிள்ளை, முதல் தடவை பார்ப்பவரையும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கும் பிள்ளை. நாங்கள் ‘களவு’, ‘கல்மனசு’, ‘நல்ல பாசமான பிள்ளை’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். பசித்தபோது யாரும் வராத, அழுதபோது யாரும் திரும்பிப் பார்க்காத வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு இவை பிழைத்திருக்கும் வழிகளாக இருந்திருக்கலாம் என்றார். அமெரிக்க உளவியலாளர் டான் ஹியூஸ் சொல்லும் நான்கு விஷயங்களை, விளையாட்டுத்தனம், ஏற்பு, அறியும் ஆவல், பரிவு என்று பலகையில் எழுதிப் போட்டார். திரும்பி வந்ததும், மதிய உணவில் பாதியைப் பைக்குள் வைக்கும் பிள்ளைகளை அதட்டுவதை நிறுத்தினோம். ‘வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு பெட்டி தரட்டா?’ என்று கேட்கத் தொடங்கினோம். அவ்வளவுதான் மாற்றம். வகுப்பாசிரியைக்கு நிம்மதி, பிள்ளைக்கும்.

அன்றே ஒரு கோபமும் உண்டு. கிண்ணியாவிலிருந்து வந்த உத்தியோகத்தர் ஒருவர் கபாலா என்ற இஸ்லாமிய வளர்ப்பு முறை பற்றிக் கேட்டார். இஸ்லாமியக் குடும்பத்தில் ஒரு பிள்ளையை முழுப் பொறுப்போடு வளர்க்கலாம், ஆனால் பிள்ளை பெற்ற தகப்பனின் பெயரோடுதான் இருக்கும். பாடசாலைப் பதிவில் பிள்ளையின் பெயரும் பாதுகாவலரின் பெயரும் பொருந்தாது, உடனே லிகிதர் பத்துப் பேர் முன்னால் விசாரணை தொடங்குவார். “அதைப் பிறகு பார்ப்போம்” என்றார் ஒருங்கிணைப்பாளர். அந்தப் பிறகு வரவே இல்லை. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20ஆம் உறுப்புரையே வளர்ப்புப் பராமரிப்பையும் தத்தெடுப்பையும் சொல்லும் அதே இடத்தில் கபாலாவையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மூதூரும் கிண்ணியாவும் இருக்கிற மாவட்டத்துக்கு இது ஓரத்து விஷயமா?

பாடசாலை ஆட்களுக்குச் சில விஷயம். தத்தெடுப்பு நம்முடைய நாட்டில் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி நீதிமன்றம் வழியாக நடப்பது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையென்றால் அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். அந்த வயதில் தத்தெடுக்கப்பட்ட பிள்ளைக்கு எல்லாம் தெரியும், ஒளிக்க ஒன்றுமில்லை. சிறு வயதில் தத்தெடுக்கப்பட்ட பிள்ளைக்குத் தெரியாமலும் இருக்கலாம். சொல்வது வளர்க்கும் பெற்றோரின் உரிமை, நாம் வாய்தவறியும் சொல்லக்கூடாது. ‘சொந்த அம்மா எங்கே?’ என்ற கேள்வியை யார் கேட்டாலும் நிறுத்துங்கள். குடும்ப மரம் வரையச் சொல்லும் பாடத்துக்கு நான் இப்போது ‘என்னைப் பார்த்துக்கொள்பவர்கள்’ என்று ஒரு வட்டம் வரையச் சொல்கிறேன். அம்மா கட்டாரில் இருக்கும் பிள்ளைக்கும் அது பொருந்துகிறது. பிள்ளைக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள், கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

கொழும்பு வரை போக முடியாதவர்களுக்கு இணையத்தில் ஒரு வழி உண்டு. ஸ்கொட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் இருக்கும் செல்சிஸ் நிலையம், பெற்றோரோடு வாழ முடியாத பிள்ளைகளின் மாற்றுப் பராமரிப்புக்கான 2009ஆம் ஆண்டு ஐ.நா. வழிகாட்டல்களை விளக்கி ஒரு பாடநெறி வைத்திருக்கிறது. நாங்கள் படித்தபோது கற்கக் காசில்லை, சான்றிதழுக்குத்தான் காசு. தமிழில் இல்லை. உப்புவெளியில் ஒரு சிநேகிதியின் வீட்டு விறாந்தையில் சிலர் சேர்ந்து, ஆங்கிலம் தெரிந்தவர் வாசிக்க மற்றவர்கள் குறிப்பெடுத்து முடித்தோம். பயிற்சியில் கிடைத்ததைவிட அந்த விறாந்தையில் கிடைத்தது கூட என்று சொன்னால் யாரும் கோபிக்க வேண்டாம்.

இனிச் சான்றிதழ் கதை. வந்தது சிங்களத்தில் மட்டும். என் தனிப்பட்ட கோவையில் சேர்க்க, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்த்து வாருங்கள், செலவு உங்களுடையது என்றார்கள். அங்கேதான் எனக்குப் பொறுமை போனது. நடத்தியது அரச நிறுவனம். அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரைப்படி தமிழும் ஆட்சிமொழி, 1987இல் வந்த 13ஆம் திருத்தத்திலிருந்தே. இதையும், ‘தமிழிலும் நடக்கும்’ என்ற அறிவித்தலின் பிரதியையும் வைத்து ஒரு கடிதம் எழுதினேன், பதிவுத் தபாலில் போட்டேன். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் பிரதி என்று அடியில் ஒரு வரி. தமிழ்ச் சான்றிதழ் வந்து சேர்ந்தது. அடியில் போட்ட அந்த ஒரு வரிதான் வேலை செய்தது என்பது என் எண்ணம்.

அதே உறையில் இன்னொரு கடிதமும் இருந்தது. கையேட்டின் தமிழ்ப் பிரதி தற்போது இல்லையாம், என் ஆர்வத்தைப் பாராட்டுகிறார்களாம், அடுத்த குழுவுக்காக நானே மொழிபெயர்த்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். பக்கத்துக்கு என்ன தருவீர்கள் என்று பதில் போட்டிருக்கிறேன். கபாலா பற்றி ஓர் அத்தியாயம் சேர்த்தால் மட்டுமே செய்வேன் என்றும் எழுதினேன். இன்னும் பதில் இல்லை.