ஒரே கேபிளில் இரண்டு வலையமைப்பு: நல்லூர் விடுதியில் பட்ட பாடு

அக்கா நல்லூரில் நடத்தும் சின்ன விடுதியில் அலுவலகக் கணினிகளையும் தங்க வருபவர்களின் வைஃபையையும் பிரிக்க வேண்டியிருந்தது. முன்வீட்டிலிருந்து பின்கட்டடத்துக்குப் போவது ஒரே ஒரு கேபிள், அதுவும் சீமெந்து முற்றத்துக்குக் கீழே. கோயில் கொடியேறினால் 25 நாளும் அறைகள் நிரம்பிவிடும். முற்றத்தைக் கிண்ட நேரமில்லை.

முதலில் கூப்பிட்ட தொழில்நுட்பக்காரர், "உதுக்கேன் அண்ணை வேற சாமான்? ரெண்டு ஐபி வரிசை குடுத்தாக் காணும்" என்றார். அலுவலகத்துக்கு 192.168.10, விருந்தினருக்கு 192.168.20 என்று வைத்து, இரண்டாவது ரவுட்டரையும் அதே சுவிட்சில் (கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) செருகிவிட்டுக் காசோடு போய்விட்டார். அடுத்த நாளே குழப்பம். முகவரி கேட்கும் டிஎச்சிபி அழைப்பு சுவிட்சின் எல்லாப் போர்ட்டுக்கும் போகும். எந்த ரவுட்டர் முந்திப் பதில் சொல்கிறதோ, பெரும்பாலும் அதன் முகவரிதான் கிடைக்கும். பற்றுச்சீட்டு அடிக்கும் கணினி 192.168.20.37 என்று நின்றது, பிரிண்டரைக் காணவில்லை. விருந்தினர் ஒருவரின் மடிக்கணினியிலோ அக்காவின் கணக்குக் கோப்புறை பெயரோடு தெரிந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இலக்கத்தை மாற்றுவதால் மட்டும் வலையமைப்பு பிரியாது, யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பிரிக்க விலான் வேண்டும், அதாவது ஒரே கேபிளையும் சுவிட்சையும் பல தனி வலையமைப்புகள்போல நடக்க வைக்கும் முறை. 802.1கியூ என்ற அதன் பொதுத் தரத்தில், கேபிளில் போகும் ஒவ்வொரு ஃபிரேமிலும் (தரவுப் பொதி) 4 பைட் அடையாளம் சேரும். அதில் விலான் இலக்கத்துக்கு 12 பிட் இருப்பதால் 1 முதல் 4094 வரை வைக்கலாம். கேபிளின் இரண்டு முனையிலும் இதை விளங்கிக்கொள்ளும் சுவிட்ச் தேவை. பட்டணத்துக் கடையொன்றில் இதைச் சொல்லியே கேட்டேன். "எல்லாம் ஒண்டுதான் தம்பி" என்று சாதாரண சுவிட்சைத் தந்தார்கள். பெட்டியைத் திறந்துவிட்டேனாம், திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். பெட்டியில் 802.1கியூ என்று அச்சடித்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

வேறு கடையில் சரியான சுவிட்ச் கிடைத்தது. இணைய நிறுவனம் தந்த பெட்டிக்கு விலான் தெரியாததால் அதற்குப் பின்னால் ஒரு சிறிய மைக்ரோடிக் ரவுட்டர் வைத்தேன்.

அப்புறம்தான் பெரிய தலையிடி. அலுவலகத்துக்கு விலான் 10, விருந்தினருக்கு 20. கேபிளின் இரு முனைப் போர்ட்டுகளிலும் இரண்டையும் டேக், அதாவது அடையாளத்தோடு போகும்படி செய்தாயிற்று. வைஃபை கருவியின் போர்ட் 20இல் அன்டேக், அடையாளத்தைக் கழற்றி அனுப்பும். எல்லாம் சரி, ஆனால் ஃபோன் 'ஐபி முகவரி பெறுகிறது' என்றே நின்றது. காரணம் பிவிஐடி. அது இந்த மாதிரி மலிவுச் சுவிட்சுகளில் வேறொரு பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. அன்டேக் என்பது வெளியே போகும் ஃபிரேமுக்கு மட்டும். உள்ளே வரும் ஃபிரேம் எந்த விலானில் சேரும் என்பதைச் சொல்வது பிவிஐடி. அது 1 என்றே இருந்ததால் ஃபோனின் அழைப்பு 20க்குப் போகவேயில்லை. 20 என்று மாற்றியதும் அந்த நிமிடமே முகவரி வந்தது. அக்கா தேத்தண்ணீரோடு ஓடி வந்தார்.

அதோடு விட்டுவிடாதீர்கள். விருந்தினர் வைஃபையிலிருந்து அலுவலகப் பக்கத்து 192.168.10.5க்குப் பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனை) அடித்தால் பதில் வந்தது! விலானால் பிரித்தாலும், இரண்டு ஐபி வரிசையையும் அறிந்த ரவுட்டர் தடை போடாவிட்டால் ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கடத்தும். 20இலிருந்து 10க்குப் போவதை ஃபயர்வாலில் மறித்த பிறகுதான் பதில் நின்றது.

உங்கள் மடிக்கணினி செருகியிருக்கும் போர்ட்டைக் கடைசியாகத் தொடுங்கள், இல்லாவிட்டால் சுவிட்சுக்குள்ளேயே போக முடியாமல் ரீசெட் துளையில் ஊசி குத்த வேண்டிவரும். சேமிக்கும் பொத்தானையும் தேடி அழுத்துங்கள். சில சுவிட்சுகள், நாங்கள் வாங்கியதும் அப்படித்தான், அதை அழுத்தாவிட்டால் கரண்ட் போய் வந்ததும் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். இனி கமராக்களுக்கு விலான் 30. அதுவும் இதே கேபிளில்தான்.