லேடெக்கில் தமிழ் ஆய்வேடு: மூன்று மில்லிமீற்றரால் போன ஒரு நாள்

நேற்றுத்தான் ஆய்வேட்டை ஒப்படைத்தேன். எரிச்சல் இன்னும் ஆறவில்லை, அதனால் கடைசியில் நடந்ததை முதலில் சொல்கிறேன்.

போன கிழமை களுவாஞ்சிகுடியிலிருந்து விடிய முதல் பஸ் பிடித்து, டவுனில் மாறி, பைண்ட் செய்த மூன்று பிரதிகளோடு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த ஐயா ஆய்வேட்டில் ஒரு வரிகூட வாசிக்கவில்லை. லாச்சியைத் திறந்து அடிமட்டத்தை எடுத்தார், இடது ஓரத்தில் வைத்தார். "38 இருக்க வேணும் மகள், இது 35." அவ்வளவுதான், திரும்பி வந்தேன்.

ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீற்றர், என்று நான் போட்டது சரி. பிழை தாளில். லேடெக் என்பது கட்டளைகளோடு எழுதும் கோப்பைப் பக்கமாக்கிப் பிடிஎஃப்பாகத் தரும் மென்பொருள். அதில் முதல் வரியிலேயே ஏ4 என்று சொல்லாவிட்டால், அது அமெரிக்காவில் புழங்கும் லெட்டர் தாளை எடுத்துக்கொள்ளும். லெட்டர் ஏ4ஐ விட 6 மில்லிமீற்றர் அகலம். கடைத் தம்பி அதை ஏ4 தாளின் நடுவில் வைத்து அடித்ததில் இடமும் வலமும் மூன்று மூன்று மில்லிமீற்றர் போய்விட்டது. திரையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிடிஎஃப்பின் தாள் அளவு 210க்கு 297 தானா என்று பார்த்துவிட்டு அடிக்கக் கொடுங்கள்.

பாமினி கூத்து இதைவிட மோசம். முதல் இரண்டு அத்தியாயத்தையும் டைப் பண்ணக் கொடுத்திருந்தேன். வந்தது பாமினி எழுத்துருவில். அது யூனிகோடுக்கு முந்திய முறை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும். லேடெக்கில் ஒட்டினால் 'தமிழ்' என்ற சொல் நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கிறது. யூனிகோடு மாற்றியில் போட்டேன். தமிழ் சரியாக வந்தது, ஆனால் இடையில் இருந்த ஆங்கில நூற்பெயர்கள் எல்லாம் வாயில் நுழையாத தமிழாகிவிட்டன. உசாத்துணைப் பட்டியல் முழுவதையும் ஸோட்டெரோ என்ற உசாத்துணை மென்பொருளில் திரும்ப அடித்தேன். ஆங்கிலப் பகுதியைப் பிரித்து வைத்துவிட்டு மாற்றுங்கள்.

லேடெக் கோப்பைப் பிடிஎஃப் ஆக்க வழக்கமான பிடிஎஃப்லேடெக்கை விட்டு, யூனிகோடு எழுத்துருக்களை நேரே எடுக்கும் ஸீலேடெக்குக்கு மாறினேன். அப்புறமும் 'கொ' உடைந்தது, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்துருவைக் குறிப்பிடும் வரியில் ஸ்கிரிப்ட் தமிழ் என்று சேர்த்ததும் சரி. இந்த ஒரு சொல்லுக்கு இரண்டு இரவு.

லேடெக் கோப்பை எழுதும் டெக்ஸ்டூடியோ மென்பொருளில், எழுத்துப் பிழை பார்க்கத் தமிழ் அகராதி போட்டுப் பார்த்தேன். வேற்றுமை உருபு ஒட்டிய சொல்லுக்கெல்லாம் சிவப்புக் கோடு, அணைத்துவிட்டேன். கடைசியில் அக்காதான் சத்தமாக வாசித்துப் பிழை பிடித்தாள். 'மட்டக்களப்பு வாவி' ஓரிடத்தில் 'வாலி' ஆகியிருந்தது. அதற்கு எந்த அகராதியும் கோடு போடாது! பிடிஎஃப்பில் அந்த இடத்தைக் கன்ட்ரோல் அழுத்திச் சொடுக்கினால் மூலக்கோப்பின் அதே வரிக்குப் போகும், திருத்துவது சுகம்.

நேற்றும் அடிமட்டம் வந்தது. 38. "சரி, வேர்ட் கொப்பி எங்க?" என்றார். பிடிஎஃப் போதும் என்ற அவர்களுடைய அறிவித்தலைப் பையில் மடித்து வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன். வாசித்தார். முத்திரை குத்தினார்.