டிஷ்யூவில ஒரு பொட்டு

விடிய நாலரைக்கு எழும்பிப் பாத்தன். கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழ விரிச்ச டிஷ்யூவில மிளகளவு ஈரம்.

கம்ப்யூட்டரைத் தண்ணி ஓட விட்டுக் குளிராக்கிற செட் பூட்டினனான்; எங்கையும் ஒழுகுதோ எண்டு பாக்க, இரவு பத்து மணியில இருந்து தண்ணி பம்ப் மட்டும்தான் ஓடுது. மதர்போர்டில இருந்து 24 பின் வயரைக் கழற்றி, அதில ஜம்பர் எண்ட சின்ன இணைப்புக் கம்பி குத்தித்தான் பவர் சப்ளையை இயக்கினது. கார்டுக்குப் போற வயரும் கழற்றியாச்சு. பம்பைத் தவிர வேற எதுக்கும் கரண்ட் இல்லை. அதால நெஞ்சு பதறேல்லை.

பொய். கொஞ்சம் பதறினதுதான்.

தண்ணியை வடிச்சு, குழாய் பூட்டுற பிட்டிங்கைக் கழற்றினா, அதில இருக்கிற ஓ-ரிங் எண்ட ரப்பர் வளையம் ஒரு பக்கம் நசிஞ்சு கிடக்கு. இறுக்க இறுக்க ஒழுகாது எண்டு முறுக்கின ஆள் நான்தான்.

அம்மா தேத்தண்ணியோட வந்து எட்டிப் பாத்தா.

"உதுக்கேன் காசு குடுத்துத் தண்ணி வாங்கினனீ? கிணறு நிறையக் கிடக்கெல்லே?"

கேத்திலைத் திறந்து காட்டினன். உள்ளுக்கு வெள்ளையாப் படிஞ்சிருக்கு. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் தண்ணி அப்பிடி. சிப்பின்ர சூட்டைத் தண்ணிக்கு இறக்கிற பிளாக்குக்குள்ள, தலைமயிர் மாதிரி மெல்லிய இடுக்கு விட்ட செப்புத் தகடுகள். அதில இது படிஞ்சா சூடு இறங்காது. அதுதான் காய்ச்சி வடிச்ச தண்ணி.

"அப்ப நாங்கள் குடிக்கிறது?" எண்டா.

ஈரம் நல்லாக் காயட்டும். புது ஓ-ரிங், புது டிஷ்யூ, திரும்ப 24 மணித்தியாலம்.