செக்யூரிட்டி பிளஸ் தேர்வும் சைபர் பாதுகாப்புத் துறைக்கு வர நினைக்கும் பெண்களும்

நம் ஊர்க் கல்லூரிகளின் கணினி அறிவியல் வகுப்புகளில் பெண்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சைபர் பாதுகாப்புப் பணியில் அவர்களின் பங்கு உலக அளவில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான். சைபர் பாதுகாப்பு வல்லுநர்களின் சர்வதேச அமைப்பான ஐஎஸ்சி2வின் 2017ஆம் ஆண்டு ஆய்வில் 11 சதவீதமாக இருந்தது, அடுத்து வந்த ஆய்வில் 24 சதவீதமானது. வேலை நேரத்தில் கால் பங்கையாவது பாதுகாப்புக்குச் செலவிடும் பிற ஐடி ஊழியர்களையும் இந்த இரண்டாவது ஆய்வு கணக்கில் சேர்த்துக்கொண்டது. அதனால் அந்த உயர்வை அப்படியே முன்னேற்றமாக எடுத்துக்கொள்ள முடியாது. மென்பொருள் டெஸ்டிங்கில் இருந்து, இணையத் தாக்குதல்களைக் கண்காணிக்கும் மையமான எஸ்ஓசியின் பணிக்கு மாறியவள் என்ற முறையில் நான் கண்டது இது: படிக்கும் திறமையில் எங்கும் குறை இல்லை, இப்படி ஒரு வேலை இருப்பதை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பதிலும், சேர்ந்த பிறகு யாரை எந்த இருக்கையில் உட்கார வைக்கிறார்கள் என்பதிலும்தான் இடைவெளி விழுகிறது. ஆகவே, இத்துறையில் நுழைய உதவும் கம்ப்டியா நிறுவனத்தின் செக்யூரிட்டி பிளஸ் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் மதிப்பெண்ணோடு சேர்த்து நேர்காணலில் காட்டக்கூடிய செய்முறை வேலையையும் உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே என் வலியுறுத்தல்.

செக்யூரிட்டி பிளஸின் எஸ்ஒய்0-701 பதிப்பு 2023 நவம்பரில் வந்தது. 90 நிமிடங்களில் அதிகபட்சம் 90 கேள்விகள் இருக்கும். 100 முதல் 900 வரையிலான அளவுகோலில் 750 எடுத்தால் தேர்ச்சி. ஐந்து பிரிவுகளில் பாதுகாப்புச் செயல்பாடுகளுக்கு 28 சதவீதமும், அச்சுறுத்தல்களும் பலவீனங்களும் என்ற பிரிவுக்கு 22 சதவீதமும் ஒதுக்கியிருக்கிறார்கள். பாதித் தேர்வு இந்த இரண்டுக்குள் அடங்குவதால், உங்கள் நேரத்திலும் பாதியை இங்கேயே செலவிடுங்கள். பாடநூல் வாங்குமுன் பதிப்பு எண்ணைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

வீட்டு லேப்டாப்பிலேயே விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினி) ஒன்றில் விண்டோஸை நிறுவி, வேண்டுமென்றே தவறான கடவுச்சொல்லைப் பலமுறை கொடுத்துப் பாருங்கள். விண்டோஸில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 4625 என்ற எண்ணுடன் தோல்வியுற்ற உள்நுழைவுகள் வரிசையாகப் பதிவாகியிருக்கும். சரியான கடவுச்சொல் கொடுத்ததும் 4624 வரும். ஒரே பயனர் பெயருக்கு நூற்றுக்கணக்கான 4625 வந்தால் அது புரூட் ஃபோர்ஸ், அதாவது ஒரு கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி மாற்றி ஊகிக்கும் தாக்குதல். ஒரே முகவரியிலிருந்து பல பயனர் பெயர்களுக்கு ஒவ்வொன்றாக வந்தால் அது பாஸ்வேர்ட் ஸ்பிரேயிங், அதாவது பொதுவான ஒரு கடவுச்சொல்லைப் பல கணக்குகளில் முயன்று பார்க்கும் தாக்குதல். எந்தக் கணக்கும் பூட்டப்படும் வரம்பைத் தொடாததால் அது எளிதில் கண்ணில் படாது. அந்த வரிசைக்கு இடையில் அதே முகவரியிலிருந்து ஒரு 4624 தெரிந்தால் உடனே மேல்நிலைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். தேர்விலும் இது கேட்கப்படலாம், பணியில் சேர்ந்த முதல் வாரத்திலும் இதையேதான் பார்ப்பீர்கள். பார்த்ததை ஒரு பக்க அளவில் எழுதி, திரைப்பிடிப்போடு சேர்த்து வையுங்கள். 'டெக்னிக்கலாக என்ன செய்திருக்கிறீர்கள்?' என்ற கேள்வி ஆண்களைவிட நம்மிடம் அழுத்தமாகவே கேட்கப்படுகிறது; அப்போது எடுத்துக் காட்ட ஒரு தாள் இருப்பது பெரிய பலம்.

பாடத்திட்டத்திலேயே பெண்களின் உழைப்பு நிறைந்திருப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஊடுருவல் கண்டறிதலுக்கு அடித்தளமிட்ட மாதிரியை டோரத்தி டென்னிங் 1987இல் வெளியிட்டார். நெட்வொர்க்கில் தரவு ஒரே சுழலில் சுற்றிக்கொண்டிருப்பதைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறையை உருவாக்கியவர் ரேடியா பெர்ல்மன். பயிற்சி வகுப்புகளில் இந்தப் பெயர்களை ஏன் சொல்லித் தருவதில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

எந்தக் கால அட்டவணையைப் போட்டாலும் வீட்டு வேலையைக் கணக்கில் எடுக்காமல் போட முடியாது. இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களையும் ஆண்கள் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிடுகிறார்கள். இந்த நிலையில் 'விடியற்காலையில் எழுந்து படியுங்கள்' என்று மட்டும் அறிவுரை சொல்வது நியாயமில்லை. படிக்கும் மாதங்களில் எந்தெந்த வேலையை வீட்டில் வேறு யார் ஏற்பார்கள் என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்வதும் தேர்வுத் தயாரிப்பின் ஒரு பகுதிதான். அதே காரணத்தால், வீட்டிலிருந்து எழுதும் வசதி இருந்தாலும் தேர்வு மையத்துக்குச் சென்று எழுதுவதையே பரிந்துரைக்கிறேன். ஆன்லைன் தேர்வின்போது அறைக்குள் வேறு ஒருவர் வந்தாலே தேர்வு நிறுத்தப்படலாம்; கூட்டுக் குடும்பத்திலோ சிறு குழந்தை இருக்கும் வீட்டிலோ பூட்டிய தனி அறை 90 நிமிடங்கள் கிடைப்பது அரிது.

தேர்வின் தொடக்கத்தில் பெரும்பாலும் செய்முறைக் கேள்விகள் வரும். நெட்வொர்க்குக்குள் எதை விடுவது, எதைத் தடுப்பது என்று சொல்லும் ஃபயர்வால் விதிகளை வரிசைப்படுத்தும் கேள்வி நேரத்தை விழுங்கும் என்பதால், குறியிட்டுவிட்டுக் கடந்து சென்று கடைசியில் திரும்பி வருவது நல்லது. சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்; இடையில் மகப்பேறு விடுப்பில் இருந்தாலும், தொடர்கல்விப் புள்ளிகள் 50 சேர்த்து மறுதேர்வு இல்லாமல் புதுப்பித்துக்கொள்ளலாம்.

இனி நேர்காணல். ஒரு நிறுவனத்தில் என் விடைகளைக் கேட்டு முடித்ததும், 'எஸ்ஓசியில் நைட் ஷிஃப்ட் இருக்கும்மா, ஆடிட் பக்கம் போயிடுங்களேன்' என்றார்கள். ஆடிட், விதிமுறை இணக்கம், இடர் மதிப்பீடு ஆகியவை மதிப்புள்ள வேலைகள்தாம். விரும்பித் தேர்ந்தெடுப்பவர்கள் தாராளமாகச் செல்லலாம். ஆனால் கேட்காமலேயே அந்தப் பக்கம் தள்ளப்படுவதை ஏற்க வேண்டியதில்லை. ஷிஃப்ட் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை மாறும், இரவில் வீட்டு வாசல் வரை கேப் உண்டா, அதே ஷிஃப்டில் வேறு பெண்கள் இருக்கிறார்களா, இரண்டாம் நிலை அனலிஸ்டாக உயர என்ன தகுதி என்பதையெல்லாம் நீங்களே கேளுங்கள். பதில்களைக் குறித்துக்கொண்டு, ஆஃபர் லெட்டர் வந்ததும் கையொப்பமிடுமுன் அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.